யார் நியாயம் கெட்டவர்?

சென்னையின் தென்பாதியில் ஒருவர் மீது ஒருவர் அன்றாடம் சுமத்தும் குற்றங்களில் திருட்டையும் மோசடியையும் எளிதாக முந்திவிடுவது ‘நியாயமில்லை’ என்பதுதான். தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலை நியாயமில்லை. லஸ் முனையில் ஆட்டோக்காரர் கேட்பது நியாயமில்லை. தி.நகரில் வீட்டுக்காரர் சொல்லும் அட்வான்ஸ் நியாயமில்லை. அடையாற்றில் பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட எல்லோரும் தயாராக நிற்கும்போது கையெழுத்துப் போட மறுக்கும் முதல் மாடிக்காரரோ, கேட்கவே வேண்டாம், நியாயம் கெட்ட மனிதர்.

நான்கு இடத்திலும் விழுவது ஒரே சொல். குற்றச்சாட்டு வேறு வேறு. முதலாவதில் விலை அதிகம் என்கிறோம். இரண்டாவதில் சட்டத்தை மீறுகிறார் என்கிறோம். மூன்றாவதில் தன் கை ஓங்கியிருப்பதால் அமுக்குகிறார் என்கிறோம். நான்காவதில் நாம் சொல்வது, பத்துப் பேர் சரி என்றதை இவர் மட்டும் சரி என்று சொல்ல மறுக்கிறார் என்பது. பேச்சுத் தமிழுக்கு இந்த வேறுபாடுகள் நன்றாகவே தெரியும். அடம், வீம்பு, முரண்டு, அடாவடி, அழிச்சாட்டியம், விதண்டாவாதம், குதர்க்கம் என்று வகைக்கொரு சொல் வைத்திருக்கிறோம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் காது ஒப்பாது. குழந்தை அடம் பிடிக்கும், அடாவடி பண்ணாது. பேட்டை ரவுடி அடாவடி பண்ணுவான், வீம்பு பிடிக்க மாட்டான்; வீம்புக்குக் கொஞ்சம் மானம் வேண்டும், அது சம்பந்திகளிடம் இருக்கும். ‘அநியாயத்துக்கு நல்லவர்’ என்று ஒருவரை மெச்சவும் செய்கிறோம்; அளவு மீறிய நற்குணமும் இந்த ஊர்க் கணக்கில் ஒரு வகை அநியாயம். இவ்வளவு நுட்பம் கையில் இருந்தும், சண்டை என்று வந்ததும் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் திணித்துவிடுகிறோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘நியாயமில்லை’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் சொல்ல வருவது ‘வழக்கமில்லை’ என்பதைத்தான். காரணம் சொல்ல மறுப்பவரையும் பிறர் காரணத்தைக் கேட்க மறுப்பவரையும் மட்டுமே அப்படி அழைக்கலாம் என்பது என் எண்ணம். அந்த அளவுகோலை வைத்தால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஆகிய மூன்று பேட்டைகளின் நூறாண்டுச் சண்டைகளில் பழி பல இடங்களில் ஆள் மாறி விழுந்திருக்கிறது.

ஆட்டோவிலிருந்து தொடங்கலாம். 2007-இல் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் என்று அரசு வைத்த கட்டணம் வந்த வேகத்தில் செத்துப்போனது. 2013 ஆகஸ்டில் மறுபடி நிர்ணயித்தார்கள்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு 12, இரவில் ஒன்றரை மடங்கு. அரசே ஜிபிஎஸ் பொருத்திய மீட்டர் இலவசமாகத் தரும் என்றும் அறிவிப்பு வந்தது. கொஞ்ச காலம் மீட்டர் ஓடவும் செய்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக அந்த எண்கள் அசையவில்லை. பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது, இன்சூரன்ஸ் ஏறியது, பள்ளிக் கட்டணம் ஏறியது. அரசாணையில் மட்டும் 5 கிலோமீட்டர் சவாரிக்கு 63 ரூபாய் 40 காசு.

“கட்டுப்படி ஆவாது சார், மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க” என்று ஓட்டுநர் கேட்கிறார். பயணி சட்டத்தைச் சொல்கிறார். ஓட்டுநர் அந்தச் சட்டமே நியாயமில்லை என்கிறார். இருவரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு வெவ்வேறு வழக்கை நடத்துகிறார்கள். 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாமாகவே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தபோது அரசு அதை ஏற்கவில்லை. விதியை மாற்றாமலும் வைத்துக்கொண்டு, விதி மீறுவோரைக் குறையும் சொல்லும் அரசை நாம் நியாயமில்லாதவர் பட்டியலில் சேர்ப்பதே கிடையாது. லஸ் முனையில் நம் கண்ணுக்கு எட்டுவது காக்கிச் சட்டை மட்டும்தான்.

அதற்காக ஓட்டுநர் சொல்வதெல்லாம் காரணம் ஆகிவிடாது. மயிலாப்பூரில் நின்றுகொண்டு “பனகல் பார்க்ல ரிட்டர்ன் சவாரி கிடைக்காது” என்பவரிடம் சிரிக்காமல் இருப்பது கடினம். தமிழ்நாட்டிலேயே அதிகக் கூட்டம் பொங்கும் கடைத்தெருவில் சவாரி கிடைக்காதாம்! பெட்ரோல் விலை காரணம். இது காரணத்தின் வேடம். மணிமேகலை இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது: ஏதுப்போலி. பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பொய்யான வாதங்களை வகை பிரித்து விளக்கும் காதை ஒன்று அந்தக் காப்பியத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. 1898-இல் அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பெயரிலான நூலகம் இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்குள்ள ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இன்னொன்று. மழை பிடித்தால் செல்பேசிச் செயலிகளும் இரட்டிப்புக் கேட்கின்றன. அவற்றிடம் யாரும் நியாயம் கேட்பதில்லை. முகம் இல்லாதவரை நியாயம் கெட்டவர் என்று திட்ட முடியாது என்பது இந்தச் சொல்லின் ஒரு வசதிக்குறைவு.

வீட்டு வாடகைக்கு வந்தால் கை ஓங்குவது எப்படி என்று பார்க்கலாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது கிட்டத்தட்டச் சாத்திரம். மாதம் 25,000 ரூபாய் வாடகை என்றால் இரண்டரை லட்சம் ரூபாயை வட்டியில்லாமல் கொடுத்துவிட்டுத்தான் பால் காய்ச்ச வேண்டும். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகை நிர்ணயிக்கப்பட்ட வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் மூன்று மாதம் என்கிறது; ‘வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் பத்து மாதமும் இன்று சௌகரியமாக உள்ளே வருகிறது. கேட்டால், “இங்கே எல்லாரும் வாங்கறதுதானே சார்” என்பார்கள். வழக்கமே காரணமாகி விடும் இடம் இது. பெங்களூருக்குப் போனாலும் பத்து மாதம் கேட்பார்கள் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். பக்கத்து ஊரின் அநியாயம் நம் ஊருக்கு நியாயமாவது எப்படி என்று விளங்கவில்லை.

ஆனால் நியாயத்தைச் சட்டத்தில் எழுதி வைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கும் அதே 1960 சட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. ‘நியாய வாடகை’ என்பதை அது சதவீதமாகவே எழுதியது: மனையும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பில் ஆண்டுக்கு வீட்டுக்கு 9, கடைக்கு 12. நிலத்தின் விலை அடக்கமாக இருந்த காலத்தில் அது வாடகைதாரருக்குக் கேடயம். மாட வீதிகளில் மனை விலை விண்ணுக்குப் போனதும் கேடயம் கை மாறியது. ஒன்றரைக் கோடி மதிப்புள்ள வீட்டுக்கு 9 சதவீதம் போட்டால் மாதம் 1,12,500 ரூபாய். அப்படிப்பட்ட வீடு சந்தையில் அதில் பாதிக்கும் போகாது. நியாய வாடகை கேட்டு மனுப் போடுபவர்களாக வீட்டுக்காரர்களே மாறிப்போனார்கள். அதே நேரத்தில் அதே தெருவில், பழைய வாடகையை ஒரு தலைமுறையாகக் கூட்டாமல் கடையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. இதில் யாரை அடாவடிக்காரர் என்பது?

பணம்கூடப் பரவாயில்லை. ‘வெஜிடேரியன் மட்டும்’, ‘பேச்சலர்களுக்குக் கிடையாது’ என்ற நிபந்தனைகள்தான் இந்தப் பகுதியின் தனி முத்திரை. வீடு தேடிய காலத்தில் வயதான ஒரு வீட்டுக்காரம்மா என்னிடம் “முட்டை சாப்பிடுவேளா?” என்று மட்டும் கேட்டு நேர்காணலை முடித்துக்கொண்டார். அவர் வீடு, அவர் விருப்பம் என்று வாதிடலாம். மாடியில் குடியிருக்கப்போகிறவர் தட்டில் என்ன இருக்கிறது என்பதில் தனக்கு என்ன நட்டம் என்று அவர் சொல்லவில்லை, கேட்கவும் இடமில்லை. தோசைக்கல்லின் நாற்றம் என்றாவது ஒரு காரணம் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சிம்னி வாங்குகிறேன் என்று சொல்லியிருக்கலாம். காரணம் சொல்லாத மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் சாதி நிற்கிறது. வெளியே சொல்ல முடியாததால்தான் அது சொல்லப்படுவதில்லை.

காரணம் சொல்வதும் கேட்பதும் ஒரு கல்வியாகவே மயிலாப்பூரில் நடந்துவந்திருக்கிறது. வி.கிருஷ்ணசுவாமி ஐயர் 1906-இல் தொடங்கிய சென்னை சம்ஸ்கிருதக் கல்லூரியில் நியாய சாத்திரம் பாடம். அதன் முதல் முதல்வராக இருந்த எஸ்.குப்புசுவாமி சாஸ்திரி 1932-இல் இந்திய தர்க்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய அறிமுக நூல் இன்றும் மாணவர் கையில் புழங்குகிறது. நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய இருவரும் சேர்ந்து செய்வது வாதம். ஜெயித்தால் போதும் என்று செய்வது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாடும் வைத்துக்கொள்ளாமல் எதிராளி சொன்னதை மட்டும் உடைத்துக்கொண்டிருப்பது விதண்டை. நம் ‘விதண்டாவாதம்’ அங்கிருந்து இறங்கி வந்ததுதான்.

அடுக்குமாடிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போயிருப்பவர்களுக்கு மூன்றும் நேரில் அறிமுகம். தண்ணீர் லாரிக்கு யார் எவ்வளவு தருவது என்பதில் வாதமாகத் தொடங்கும். கார் நிறுத்துமிடம் வந்ததும் ஜல்பம் ஆகும். பராமரிப்புத் தொகையை உயர்த்தலாம் என்றால் மறுத்து, குறைக்கலாம் என்றாலும் மறுத்து, அப்படியே இருக்கட்டும் என்றால் அதையும் மறுக்கும் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் விதண்டைக்கு உயிருள்ள எடுத்துக்காட்டாக அமர்ந்திருப்பார். என்றாலும் நியாய சாத்திரம் விதண்டையைப் பேச்சிலிருந்து விலக்கி வைக்கவில்லை, தன் பதினாறு பொருள்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எதிராளியின் வாதத்தில் ஓட்டை இருந்தால் அதைக் காட்ட, கையில் மாற்று வாதம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. வரவு செலவில் இடிக்கிறது என்று சொல்கிறவர் சரியான கணக்கையும் எழுதித் தர வேண்டுமா என்ன?

இனி நீதிமன்றம். ‘எது நியாயமில்லை’ என்று இந்தியா முழுவதும் சட்டம் படிப்பவர்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்புகளில் வியப்பூட்டும் அளவுக்குப் பல சென்னையில் பிறந்தவை. குடியரசு தொடங்கிய 1950-லேயே இரண்டு. ஏ.கே.கோபாலன் சென்னை மாநிலத்துக்கு எதிராகப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, தடுப்புக் காவலுக்குச் சட்டம் ஒரு நடைமுறையைச் சொல்லியிருந்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று நாங்கள் பார்க்க வேண்டியதில்லை என்றது. அதே ஆண்டு, பம்பாயில் அச்சான ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைச் சென்னை அரசு தடுத்ததை எதிர்த்த ரமேஷ் தாப்பர் வழக்கில் அரசு தோற்றது. நியாயமான கட்டுப்பாடு என்ற தொடர் அரசியல் சாசன அவையில் 1948 டிசம்பரில் தாகூர் தாஸ் பார்கவா வற்புறுத்தியதால் 19-ஆம் பிரிவுக்குள் வந்தது. பேச்சுரிமைக்கான உட்பிரிவில் அந்தச் சொல் 1951-இல்தான், முதல் திருத்தத்தின்போது சேர்ந்தது.

முக்கியமானது வி.ஜி.ராவ் வழக்கு. ராவ் சென்னையில் தொழில் செய்த இடதுசாரி பாரிஸ்டர். அவர் பெயர் தாங்கிய ‘ராவ் அண்ட் ரெட்டி’ அலுவலகம் பிற்காலத்திலும் தொழிலாளர் வழக்குகளுக்குப் பேர்போனது. அவர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தை 1950 மார்ச்சில் அரசு சட்டவிரோதம் என அறிவித்தது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அரசு மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, அவரும் சென்னையில் வழக்கறிஞராக வளர்ந்தவர். அரசு தோற்றதற்குக் காரணம் எளிமையானது: ஒரு சங்கத்தைக் கலைக்கும்போது அதன் தரப்பை நீதிமன்றம் எதுவும் விசாரிக்க வழியில்லை, ஓர் ஆலோசனைக் குழுவின் கருத்தே முடிவாகிவிடும், சங்கத்துக்குச் செய்தி சொல்வதும் கெசட்டில் போடுவதோடு சரி. அதாவது, கேட்கவில்லை.

அந்தத் தீர்ப்பு நியாயத்துக்குப் பொதுச் சூத்திரம் எதையும் தரவில்லை. எந்த உரிமை பறிக்கப்படுகிறது, எதற்காக, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரம், மருந்து நோயைவிட அதிகமா, ஊர் நிலைமை என்ன என்று ஒவ்வொன்றாகக் கேள் என்றது. அதோடு நிற்காமல், இதை எடைபோடும் நீதிபதியின் சொந்த மதிப்பீடுகளும் தராசில் ஏறிக்கொள்ளும், ஆகவே அவருக்கு அடக்கம் வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டது. எனக்குத் தீர்ப்பின் மற்ற பகுதிகளைவிட இந்த ஒப்புதல் பிடிக்கும். முட்டை கேட்ட வீட்டுக்காரம்மாவுக்கும் ஆட்டோவில் சட்டம் பேசும் பயணிக்கும் இல்லாத தெளிவு அது.

இங்கிலாந்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வெட்னஸ்பரி ஊரின் சினிமாக் கொட்டகை வழக்கில், புத்தியுள்ள எந்த அதிகாரியும் எடுத்திருக்க முடியாத அளவுக்கு அபத்தமான முடிவைத்தான் நீதிமன்றம் நியாயமற்றது என்று தள்ளும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை 15 வயதுக்கு உட்பட்டோரைப் படத்துக்கு விடக் கூடாது என்ற நிபந்தனை அந்த அளவுக்கு அபத்தம் இல்லையென்று கொட்டகை தோற்றது. விதி மட்டும் உலகம் சுற்றியது. நம் ஊரிலும் அப்படி ஒன்று நடந்தது. 1971 தேர்தலுக்குப் பிறகு தலைமைச் செயலர் பதவியிலிருந்து நகர்த்தப்பட்ட இ.பி.ராயப்பா, அரசு தன்னைப் பழிவாங்கியது என்று உச்ச நீதிமன்றம் போனார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, தோற்றார். ஆனால் தன்னிச்சையாகச் செய்வதும் சமத்துவமும் ஒரே உறையில் இருக்க முடியாது என்று அந்த வழக்கில் நீதிபதி பகவதி எழுதியது 1974 முதல் அரசுகளைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

சென்னையின் அந்தக் கால வழக்குகளில் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. மருத்துவக் கல்லூரி இடங்களை 14 பங்காகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என ஒதுக்கிய வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் எதிர்த்தார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதை உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. 1951 ஏப்ரலில் ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஜூனில் அரசியல் சாசனமே திருத்தப்பட்டது. லஸ் சர்ச் சாலையில் குடியிருந்த, சாசனத்தின் வரைவுக் குழுவில் அமர்ந்திருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பொறியியல் மாணவர் சீனிவாசன் தொடுத்த இணை வழக்கில் அந்த ஆணைக்கு எதிராக வாதாடினார். மயிலாப்பூருக்கு அந்த ஒதுக்கீடு அப்பட்டமான அநியாயம்.

இரண்டு மைல் தள்ளி தி.நகரில் கதை வேறு. பேட்டையின் பெயரே நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயருடையது. பூங்கா பனகல் அரசருக்கு, இன்னொரு பூங்கா நடேச முதலியாருக்கு, சாலை டி.எம்.நாயருக்கு, கடைத்தெரு சௌந்தரபாண்டியனாருக்கு. அரசுப் பணியில் தங்கள் பங்கு எங்கே என்று 1916-இல் அறிக்கை விட்டபோது தேசிய இயக்கத்தின் பெரும்பகுதி இவர்களைப் பிளவு பேசும் நியாயமற்றவர்கள் என்றே கருதியது. அவர்கள் கையில் இருந்ததோ கணக்கு: மக்கள்தொகையில் இவ்வளவு, பதவியில் இவ்வளவு. கணக்கைச் சொன்னவர்களுக்கு மறுகணக்கு சொல்லப்படவில்லை. தகுதி என்ற ஒற்றைச் சொல் திருப்பித் தரப்பட்டது. 14 பங்குப் பட்டியலில் குறை காண்பவர்களுக்கு இன்றும் வாதம் உண்டு, ஒரு தனி மாணவர் மீது அது எவ்வளவு முரட்டுத்தனமாக விழுந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோரிக்கையை நியாயமற்றது என்றவர்களின் அளவுகோல் வழக்கம்தான். நூறாண்டாக ஒரே தெருவிலிருந்து நீதிபதிகளும் கலெக்டர்களும் வந்தால் அதுவே இயற்கை என்று தோன்றிவிடும்.

அடையாற்றுக்கு வருவோம். இங்கே ‘நியாயமற்ற பெண்கள்’ என்று பெயர் வாங்கியவர்களை வைத்தே ஒரு புத்தகம் போடலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். சம்பிரதாயவாதிகளுக்கு அவர் நியாயமற்றவர், இது எதிர்பார்த்ததே. எதிர்பாராத எதிர்ப்பு இன்னொரு பக்கமிருந்து வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாளும் சென்னையின் தேவதாசிப் பெண்களும் அரசுக்கு மனு எழுதினார்கள்: எங்களில் கலைஞர்கள் இருக்கிறார்கள், எங்களுக்குச் சொத்துரிமை இருக்கிறது, தத்தெடுக்கும் உரிமை இருக்கிறது, எல்லோரையும் விலைமாதர் என்று ஒரே கோட்டில் நிறுத்தாதீர்கள் என்று. 1947-இல் சட்டம் முழுமையாக வந்துவிட்டது.

அந்த மன்றத்தில் இருந்திருந்தால் நான் முத்துலட்சுமி பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். ஒரு சிறுமியைக் கேட்காமல் அவள் வாழ்க்கையை முடிவு செய்வதற்கு எந்தக் கலையும் ஈடில்லை. ஆனாலும் நாகரத்தினம்மாள் காரணங்களோடு பேசினார், அந்தக் காரணங்களுக்குப் பதில் சொல்லப்படவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சரியான முடிவை எடுத்தவர்களும் கேட்காமல் எடுத்திருக்க முடியும். அந்தக் கேளாமையின் விலையை இசை வேளாளர் குடும்பங்கள் நெடுங்காலம் கொடுத்தன. 1935 டிசம்பர் 30 அன்று அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ருக்மிணி தேவி தேவதாசிகளின் நடனமான சதிரை ஆடியபோது, பிராமணப் பெண் இதை ஆடுவதா என்று மயிலாப்பூர் முகம் சுளித்தது. பதினைந்து ஆண்டு முன்பு வெள்ளைக்காரரான அருண்டேலை மணந்ததற்கே சுளித்த முகம்தான். பிறகு அவர் சிருங்காரத்தை வடிகட்டியதை பாலசரஸ்வதி ஏற்கவில்லை. ஒரே பெண் ஒரு தரப்புக்கு மிகுதியாகத் துணிந்தவர், மறு தரப்புக்கு மிகுதியாகத் தயங்கியவர்.

முத்துலட்சுமியின் இன்னொரு பிடிவாதத்துக்கு இன்று எதிர்ப்பாளரே இல்லை. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டபோது அதிகார மட்டத்தில் கிடைத்த பதில், புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு மருத்துவமனை எதற்கு என்ற வகையில் இருந்தது என்று டாக்டர் சாந்தா பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கேட்பதற்கு முழு நியாயம் போலத் தோன்றும் பதில். இருக்கிற பணத்தைப் பிழைக்கக்கூடியவர்களுக்குச் செலவிடு என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஆனால் சிகிச்சை இல்லாததால் சாகிறார்கள் என்பதை, சாவதால் சிகிச்சை வேண்டாம் என்று திருப்பிப் போட்ட ஏதுப்போலி அது. இந்திய மாதர் சங்கத்தின் நிதியைக் கொண்டு 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021-இல் இறக்கும்வரை சாந்தா அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

பிடிவாதக்காரர்களே உலகை முன்னேற்றுகிறார்கள் என்று பெர்னார்ட் ஷா வழியில் இங்கே ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை பாதிதான். ஜெயித்த பிடிவாதக்காரர்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தெரியும். தோற்றவர்களும் வீண் வம்பர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

டிராபிக் ராமசாமி எந்தக் கணக்கில் வருவார் என்று சென்னை கடைசிவரை முடிவு செய்யவில்லை. தி.நகரின் விதிமீறல் கட்டடங்கள், நடைபாதையை அடைக்கும் பேனர்கள் என்று அவர் போட்ட பொதுநல வழக்குகள் ஏராளம். நீதிமன்றத்துக்கே சில நேரம் பொறுமை போயிற்று. கட்சிக்காரர்களுக்கு அவர் தொல்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்குக் கோமாளி. 2011 அக்டோபர் இறுதியில் உஸ்மான் சாலை, ரங்கநாதன் தெருப் பகுதியில் விதி மீறிய கடைகளுக்கு சீல் வைத்தபோது, பொங்கல் வியாபாரம் போச்சே, இது நியாயமா என்ற குரல்தான் ஓங்கியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவோடு அவை தற்காலிகமாகத் திறந்தன. 2017 மே 31 அன்று தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று பற்றியெரிந்து, கட்டடம் உள்ளுக்குள் சரிந்து, மிச்சத்தை இடிக்க வேண்டி வந்தது. 2018 டிசம்பரில் அவர் வழக்கில் உயர் நீதிமன்றம் பேனர்களுக்குத் தடை விதித்தது, பேனர்கள் நிற்கவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் இறந்தார். இனி பேனர் வைக்க மாட்டோம் என்று கட்சிகள் வரிசையாக அறிக்கை விட்டன. முதல் நாள்வரை ஒரு கிழவரின் அடமாக இருந்தது மறுநாள் எல்லோருக்கும் பொதுப்புத்தி ஆகிவிட்டது. அவர் வாதத்தில் ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை. 2021 மே மாதம் அவர் இறந்தார்.

இப்போது அந்த முதல் மாடிக்காரருக்கு வரலாம். இன்று இந்தப் பகுதிகளில் இந்தச் சொல் மிகக் கூர்மையாகப் பாய்வது அவர் மீதுதான். எழுபது, எண்பதுகளில் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்புகள் அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூரில் ஒவ்வொன்றாக விழுகின்றன. முன்பு இடித்துக் கட்ட எல்லோர் சம்மதமும் தேவைப்பட்டது. ஒருவர் மறுத்தால் எல்லாம் நின்றது; அதைச் சிலர் கூடுதல் சதுர அடிக்குப் பேரமாகவும் பயன்படுத்தினார்கள், அது அடாவடிதான். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும். விரிசல் விட்ட கூரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அது அவசியமான சட்டம், ஆதரிக்கிறேன்.

ஆனால் மறுப்பவர்கள் எல்லோரும் பேரம் பேசுபவர்கள் அல்லர். எண்பது வயதில் இரண்டு முறை வீடு மாறி, மூன்றாண்டு வாடகை வீட்டில் காத்திருந்து, புது வீட்டுக்குத் தான் உயிரோடு வருவேனா என்று கேட்பவர் சொல்வது காரணம். பில்டர் பாதியில் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வீர்கள் என்பதும் காரணம். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்ட சங்கத்துக்கு இவற்றைக் கேட்கச் சட்டக் கட்டாயம் இல்லாமல் போகலாம். ஆகவே உங்கள் சங்கத்தில் அந்தத் தீர்மானம் வரும் நாளில் ஒன்று செய்யுங்கள். ‘திரு. இன்னார் ஒத்துழைக்கவில்லை’ என்று மினிட்ஸில் எழுதச் செயலாளரை விடாதீர்கள். அவர் சொன்ன காரணத்தையும், அதற்குச் சங்கம் தந்த பதிலையும் அடுத்தடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள். பதில் வரி காலியாக இருந்தால் அன்று கையெழுத்துப் போடாதீர்கள்.